பெற்றோர் பார்த்த திசை

பொருளாதார மந்தத்தில் ஆலைகள் மூடிய பிறகு, பிள்ளைகளோடு பெற்றோரும் வந்து படிக்கலாம் என்று அரசு சொன்னது. ஆனால் வகுப்பிலிருந்த கேமரா யாரையெல்லாம் பாடம் கவனிப்பவராகக் காண்கிறதோ, அவர்களுக்கு மட்டுமே பள்ளிக்குப் பணம் வரும். திருவொற்றியூர்ப் பள்ளியில் அந்த எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. இன்றும் ஏறாவிட்டால் நாளை பள்ளிக்குப் பூட்டு.

வேலையிழந்த வெல்டர் குப்புராஜுக்கு அது ஏனென்று விளங்கவில்லை. வகுப்பில் யாரும் தூங்கவில்லை, பேசவுமில்லை.

"எங்கண்ணா பாக்குறீங்க?" என்றார் மெஹருன்னிசா டீச்சர்.

"எம் பொண்ணு எழுதுறத. எவ்ளோ அழகா எழுதுது பாருங்க டீச்சர்."

டீச்சர் வகுப்பை நிமிர்ந்து பார்த்தார். எல்லாப் பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கள் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையைப் பார்க்காத கண்களைக் கேமரா கணக்கில் சேர்க்காது. பிறகு, கணக்கின் ஒவ்வொரு வரியையும் ஒரு பிள்ளை பலகைக்கு வந்து விளக்கச் சொன்னார். குப்புராஜின் மகள் தர்ஷினி முதலில் போனாள்.

"யப்பா, வாயப் பொளந்துனு பாக்காத. எழுது!"

வகுப்பே சிரித்தது. அத்தனை பெற்றோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் சொல்லும் பின்னக் கணக்கு தனக்குப் புரிகிறது என்பது குப்புராஜுக்குப் பாதியில்தான் உறைத்தது. கேமராவின் எண் ஏறியதை அவர் கவனிக்கவில்லை.

"இரும்மா," என்று கையைத் தூக்கினார். "கீழ இருக்கிற நாலு எப்டி வந்துச்சு? இன்னொருவாட்டி சொல்லு."