பொட்டு வைக்க இடம்

ஆயுத பூஜையன்று, பிடித்துவந்து ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளுக்கெல்லாம் ஏட்டு தங்கமுத்து சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். எரிந்துபோன லாரிக்குக்கூட வைத்தார். கோகிலவாணியின் டர்ட் பைக்கை மட்டும் தாண்டிப் போனார். மண்மேட்டுப் பந்தயத்துக்கென்றே செய்த அந்த பைக், மூன்று வருடத்தில் பாதிச் சக்கரம்வரை மண்ணில் இறங்கியிருந்தது.

"ரோட்டுல ஓட்டலைங்க சார். குறுக்க உருட்டிட்டுத்தான் போனேன்," என்றாள் பைக்கைக் கேட்டு வந்து நின்ற கோகிலவாணி, மறுபடியும்.

"ஆர்.சி. புக்கக் கொண்டா. எடுத்துட்டுப் போ."

"இதுக்கு ஆர்.சி.யே கெடையாதாமுங்க. சட்டப்படி இது வண்டியே இல்லைன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்றாங்க."

"அதனாலதான் ஏலத்துலயும் சேர்க்க முடியல. வண்டியா இருந்தா என்னைக்கோ போயிருக்கும்."

"அப்புறம் எதுக்குங்க புடிச்சீங்க?"

"ரோட்டுல வண்டியக் கொண்டாந்ததுக்கு."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. சந்தனக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு விரலில் தொட்டுக்கொண்டு பைக்கின் முன் குனிந்தாள். மற்ற வண்டிகளுக்கெல்லாம் அவர் நம்பர் பிளேட்டில்தான் வைத்திருந்தார். இந்த பைக்கில் அது இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்துக்கு நேராக விரலை நீட்டியபடியே அவள் நின்றாள். சந்தனம் விரலிலேயே காயத் தொடங்கியது.