போறது நான் மட்டுந்தான்

"சாமானெல்லாம் கட்டியாச்சு போல. சாவிய இப்பவே தந்துட்டா, நாளைக்கு எனக்கு ஒரு நடை மிச்சம்."

வாசலில் நின்றபடியே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கன்னையா கை நீட்டினார்.

உள்ளே கோகிலா தன் பழைய சேலைகளை ஓர் உரச்சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சுரேந்திரன் பயணப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"போறது நான் மட்டுந்தான், ஐயா. வீடு போகல" என்றாள் கோகிலா, தலையைத் தூக்காமல்.

மறுநாள் இரவு அவளுக்கு விமானம். சைப்ரஸில், படுக்கையோடு கிடக்கும் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. றக்வானை டவுனுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள் அவள். போவதைத் தோட்டம் தடுக்கவில்லை. ஆனால், வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோல் எனும் வேலையாள் பதிவில் இருந்தால்தான் தோட்டத்தின் வரிசை வீடான லயக் காம்பராவில் குடியிருக்கலாம் என்பது அங்கே சட்டம். அந்த வீட்டில் பதிந்திருந்தது கோகிலா ஒருத்தியின் பேர்தான். சுரேந்திரன் டவுனில் பளீல் முதலாளியின் ஹார்ட்வேர் கடையில் மூட்டை இறக்குபவன்.

கன்னையா கெட்ட மனிதர் இல்லை. தோட்டத்தை நடத்தும் தொரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றும், தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கிலிருந்து ஒரு குடும்பம் இந்தக் காம்பராவுக்காகக் காத்திருக்கிறது என்றும் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. ஒம் மக ஷாமிளாவுக்குப் பதினேழு ஆச்சுல்ல? அவ பேரப் போட்டு விடு. காம்பரா ஒங்களுக்கே நிக்கும்."

மூலையில் படித்துக்கொண்டிருந்த ஷாமிளா புத்தகத்திலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

கோகிலா இப்போது எழுந்து நின்றாள். "எம் புள்ள கூடை தூக்க மாட்டா, ஐயா. அதுக்குத்தான் நான் கடல் தாண்டிப் போறேன்."

சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு வருசம் பறிக்கட்டும், பிறகு படித்துக்கொள்ளலாம் என்றாள் பக்கத்து வீட்டு ஜீவராணி. டவுனிலேயே வாடகைக்கு ஓர் அறை பார்க்கலாமே என்றார் வேறொருவர். கோகிலா எதற்கும் இறங்கி வரவில்லை. இந்தக் காம்பராவில்தான் அவள் பிறந்தாள். தரைக்குச் சீமெந்து போட்டதும் ஓட்டைத் தகரத்தை மாற்றியதும் அவளும் புருசனும்தான். கொட்டுகிற மழைக்கு ஒழுகியபோது எட்டிப் பார்க்காத தோட்டம் இப்போது மட்டும் எப்படி வந்து சாவி கேட்கிறது என்று கேட்டாள்.

கன்னையா சுரேந்திரன் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லுப்பா. ஒனக்கு வேலை குடுக்கலாம்னாலும், ஆம்பளைங்களுக்குப் போட இப்ப தோட்டத்துல வேலையே இல்ல."

சுரேந்திரன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான். பெண்டாட்டியைப் பிழைக்க அனுப்பிவிட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறானே, இவனும் ஒரு ஆம்பளையா என்று கூட்டத்தில் யாரோ அவன் காதில் விழும்படியே சொன்னார்கள். அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு முடிச்சை இறுக்கினான்.

கணக்கப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"பறிக்க ஆளில்லாம கொழுந்தெல்லாம் முத்திப் போய்க் கெடக்கு. நாளைக்குக் காலைல இந்த வீட்ல இருந்து கொழுந்துக்கு ஒரு ஆள் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரணும். வந்தா நான் சாவிப் பேச்சே எடுக்க மாட்டேன். இத்தன பேரு முன்னால சொல்றேன். வரலேன்னா பூட்ட ஒடைப்பேன்."

"பாக்கலாம், ஐயா" என்றாள் கோகிலா. குரல் கொஞ்சமும் தணியவில்லை.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. பெரட்டுக் களத்தில் எல்லோரும் பொலித்தீனைத் தலையோடு போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆண்கள் ஒரு பக்கம், கொழுந்துக்காரப் பெண்கள் மறுபக்கம்.

ரோட்டோரமாகக் கோகிலா வேனுக்குக் காத்து நின்றாள். காலடியில் பயணப் பெட்டி. பக்கத்தில் வெள்ளை யூனிஃபோமில் ஷாமிளா. சுரேந்திரனைக் காணவில்லை. வழக்கம் போலக் கடைக்குப் போயிருப்பான் என்று கன்னையா நினைத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என்ன செய்ய? சட்டம் சட்டம்தான். காம்பராவுக்குப் போட வேண்டிய புதுப் பூட்டு அவர் பைக்குள்ளேயே இருந்தது.

பெண்களின் பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

"கோகிலா."

பதில் இல்லை. அவர் நிமிர்ந்து கோகிலாவைப் பார்த்தார். அவள் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னையா பேரை வெட்டப் பேனாவை வைத்தார்.

"வெட்டுங்க, ஐயா."

ஆண்குரல். அது வந்ததோ பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து. எல்லாத் தலைகளும் திரும்பின. ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. பொலித்தீனை விலக்கிக்கொண்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் தலையில் மாட்டிய கூடையுமாகச் சுரேந்திரன் முன்னால் வந்து நின்றான்.

"வெட்டிட்டு அந்த இடத்துல என் பேரப் போடுங்க. கொழுந்து பறிக்க வந்திருக்கேன்."