மேலே இருந்த காசு

"கோபமா இருக்கும்போது ஒரு ஆளை நிக்க வெச்சுக் கேள்வி கேக்காதீங்க மாப்ளே, உக்கார வெச்சீங்கன்னா…" என்று மாமனார் ஏதோ சொல்வார். மீதி என்னவென்று விசாரணைக் குழுத் தலைவருக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தாலும் இன்று அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்க மாட்டார்.

பின்னே என்ன? நோயாளிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ரத்த மாதிரிகள். ஆராய்ச்சிக்கூட ஃப்ரீசரில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை மொத்தமாகக் கொட்டிவிட்டு வந்து நிற்கிறாள், பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி!

"எத்தனை வருஷ உழைப்பு சார்!" மேஜையைத் தட்டினார் பேராசிரியர். அவளுடைய வழிகாட்டி. தலைவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணனும்கூட. "அடுத்த வாரம் அறிக்கை கொடுக்கணும். இவளை நம்பி லேபை விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"ஏம்மா, அவர் மேல உனக்கு என்ன வஞ்சம்?" என்றார் தலைவர்.

"வஞ்சம் இல்லை சார். லீவுல கரண்ட் போயிருக்கு. ரத்தமெல்லாம் உருகி, திரும்ப உறைஞ்சிருக்கு. அதை வெச்சு டெஸ்ட் பண்ணினா வாய்க்கு வந்த நம்பர்தான் வரும். அதைப் பாத்துதான் நாளைக்கு ஆஸ்பத்திரியில மருந்து எவ்வளவு கொடுக்கலாம்னு முடிவு பண்ணுவாங்க."

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'உன் வேலையைப் பாரு'ன்னாங்க."

"அதுக்காகக் கொட்டிடறதா?"

"கொட்டினது தப்புதான் சார். விட்டிருந்தா எனக்குப் பதிலா வேற யாரையாவது டெஸ்ட் பண்ண வெச்சிருப்பாங்க."

"பேச்சைப் பாருங்க!" என்றார் பேராசிரியர்.

குழுவிலிருந்த பெண் உறுப்பினர் குறுக்கிட்டார். "உருகிச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா?"

மாணவி காலடியிலிருந்த தெர்மகோல் பெட்டியைத் திறந்து, ஐஸ் நிறைந்த பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"தண்ணியை உறைய வெச்சு, மேல ஒரு காசு வெச்சு ஃப்ரீசர்ல விடுவோம் மேடம். கரண்ட் போய் ஐஸ் உருகினா காசு கீழ போயிடும். திரும்ப உறைஞ்சாலும் அடியிலேயேதான் கிடக்கும்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

காசு மேலேதான் இருந்தது. பளபளவென்று.

பேராசிரியர் சிரித்தே விட்டார். "ராஜா மாதிரி உக்காந்திருக்கு! இவளே சாட்சி கொண்டுவந்து இவளே மாட்டிக்கிட்டா."

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. "யார் காதுல பூ சுத்தற? எங்களைப் பாத்தா கிள்ளுக்கீரையாத் தெரியுதா? இன்னையோட உன் ஆராய்ச்சி முடிஞ்சுது. பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊர் போய்ச் சேரு!"

அவள் கண் கலங்கியது. ஆனாலும் டம்ளரை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

மேலே இருந்த காசு மேஜையில் விழுந்து உருண்டது.

"இப்ப அடியைப் பாருங்க சார்."

டம்ளரின் கண்ணாடி போன்ற அடி வழியே, ஐஸுக்குள் புதைந்து, இன்னொரு காசு தெரிந்தது.

"அதுதான் நான் வெச்சது. மேல இருந்தது அப்புறமா யாரோ வெச்சது. லீவுல லேப் சாவி சார்கிட்ட மட்டும்தான் இருந்தது."

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தலைவரின் காதருகே வந்தார். அதுவரை 'சார்' என்று கூப்பிட்ட வாய், இப்போது வேறு மாதிரிக் குழைந்தது.

"மாப்ளே… தங்கச்சிக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும். இதை நாம வீட்ல வெச்சுப் பேசிக்கலாமே."

தலைவர் எழுந்தார். தன் நாற்காலியைப் பெண் உறுப்பினருக்கு விட்டுக்கொடுத்தார். எதிர்ப்பக்கம் போய் மாணவியின் பக்கத்தில் நின்று, மச்சான் மேல் ஒரு புகாரைத் தன் பெயரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.