ரோஸியின் ஆறு கிலோ

“அசையாம நில்லுங்க அண்ணாச்சி. நம்பர் ஓடிக்கிட்டே இருக்குல்லா.”

ரகுபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கைகளில் ரோஸி நான்கு நீளக் கால்களையும் தொங்கவிட்டபடி, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நூத்தி ரெண்டு. ஒங்களுக்கு எழுபத்தொண்ணு போவ, ரோஸி முப்பத்தொண்ணு.”

“எறங்கிகினே கீதுபா,” என்றார் ரகுபதி. அந்த எண்ணைக் கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

வல்லம் வடகாலில், அவர் செக்யூரிட்டியாக இருக்கும் கம்பெனிக்கு எதிரே இருந்த பழைய இரும்புக் கடைத் தராசு அது. எடை போட்டு பில் எழுதுபவன் மணிகண்டபிரபு. மனைவி பிள்ளைகளைச் சங்கரன்கோவில் பக்கம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவன்.

முதல் தடவை ரோஸியைத் தனியாக நிறுத்தியபோது, இரும்புத் தகட்டில் கால் வழுக்கிக் குதித்து ஓடிவிட்டது. அதனால் தூக்கிக்கொண்டு ஏறுவது என்று முடிவாயிற்று. கடையில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் சரக்கு கொண்டுவரும் மூன்று சக்கர வண்டிகளைக் காலியாக ஒருமுறை எடை போட்டுச் சுவரில் எழுதிவிடுவார்கள். அப்புறம் மொத்த எடையில் அதைக் கழித்தால் சரக்கின் எடை. அந்த வரிசைக்குக் கீழே ‘ரகுபதி அண்ணாச்சி – 71’ என்று மணிகண்டபிரபு எழுதிவைத்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ரகுபதியும் சிரித்தார். மனைவி செங்கமலம் போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ரோஸியைக் கொண்டுவந்தது செங்கமலம். பிள்ளைப்பாக்கத்தில் நிலம் விற்ற ஒருவர் ஆசைக்கு வாங்கிய கிரேஹவுண்ட் அது, ஒல்லியாகவே இருக்கும் ஓட்டநாய் ஜாதி. அவர் அபார்ட்மென்டுக்குக் குடிபோகும்போது வேண்டாம் என்றார். விலா எலும்பு தெரிகிற நாயைப் பார்த்து, பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று செங்கமலம் நினைத்துக்கொண்டாள். டீயில் நனைத்த பன், பால் சோறு என்று ஊட்டி வளர்த்தாள். மாரடைப்பில் அவள் போனபோது ரோஸி முப்பத்து நாலு கிலோ. முன்கால் மூட்டு வீங்கி நொண்டத் தொடங்கியிருந்தது.

கால்நடை டாக்டர் சந்திரலேகா தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் இருபத்தெட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் மூட்டில் ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். இந்த ஜாதி நாய்க்கு மயக்க மருந்து லேசில் ஒத்துக்கொள்ளாது, எழுந்துவிடும் என்று உத்தரவாதம் தர முடியாது.

அன்றிலிருந்து காலை ஒரு டம்ளர் தீனி, மாலை ஒரு டம்ளர், நடுவில் வேகவைத்த பூசணித் துண்டு. டம்ளரின் தலையைக் கத்தியால் வழித்துத்தான் கொட்டுவார். பன் நின்றது. பால் நின்றது. மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் ஷிப்ட் முடிந்து வரும்போது பிஸ்கெட் போடக் கூடாது என்று தனித்தனியாகச் சொன்னார்.

“வாயில்லாத ஜீவன பட்டினி போட்டு இன்னா கட்டிக்கப் போற?” என்று பக்கத்து வீட்டுக் கலைமணி மதில் வழியாகக் கேட்டாள்.

தனக்கென்று அவர் பெரிதாக எதுவும் செய்துகொள்வதில்லை. டூட்டி முடிந்து வந்து கொஞ்சம் சோறு, ஒரு குழம்பு. காலடியில் ரோஸி படுத்திருக்க, தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். எழுந்து, காலித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பார். ஓசூரிலிருந்து மகள் ஐஸ்வர்யா போனில் கேட்டால், சாப்பிட்டாயிற்று என்பார்.

மணிகண்டபிரபுவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “எங்கூர்ல கன்னி ஜாதி வேட்ட நாய்க்கு கடைசி மூணு விலா தெரியணும்பாவ. இதுக்கு இன்னும் தெரியலியே அண்ணாச்சி?”

“மிசினு பொய் சொல்லாதுபா.”

பன்னிரண்டாவது வாரம் தராசு தொண்ணூற்றொன்பது காட்டியது. ரோஸி இருபத்தெட்டு. ரகுபதி கடையில் இருந்த எல்லோருக்கும் டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தார். ரோஸிக்கு மட்டும் வடையின் வாசனை.

மறுநாள் ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மூட்டை அழுத்திப் பார்த்தார். வீக்கம் வற்றவில்லை, முற்றவும் இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்றார். கிளினிக்கில் ரப்பர் விரித்த புதுத் தராசு ஒன்று தரையோடு தரையாகப் பதிந்திருந்தது. ரோஸி தானாகவே அதில் ஏறி நின்றது. டாக்டர் எண்ணைப் பார்த்தார். இறக்கி, மறுபடியும் ஏற்றிப் பார்த்தார்.

“முப்பத்து நாலு.”

“உங்க மிசினு ரிப்பேர் டாக்டர். அங்க இருவத்தெட்டு காட்டுது.”

இரும்புக் கடையையும், சுவரில் எழுதியிருந்த எழுபத்தொன்றையும், வாரா வாரம் கழித்த கணக்கையும் ரகுபதி கொஞ்சம் பெருமையாகவே விளக்கினார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ரோஸியின் பட்டையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“செருப்ப கழட்டிட்டு நீங்க ஏறுங்க சார்.”

ஏறினார். எண் கொஞ்சம் ஓடி அறுபத்தைந்தில் நின்றது.

“ஆறு கிலோ கொறஞ்சது நெஜந்தான்,” என்றார் டாக்டர். “கடைசியா எப்ப சார் வயிறு நெறைய சாப்ட்டீங்க?”

ரகுபதி வாயைத் திறந்தார். இரவுதோறும் கழுவிக் கவிழ்த்த காலித் தட்டுகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. அவற்றில் சாப்பிட்டதுதான் ஒருநாள்கூட நினைவுக்கு வரவில்லை.