அன்றைய விலை

"உங்க தம்பி நேத்தே வந்து எழுதி வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா. உங்ககிட்ட சொல்லலையா?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பணமாற்றுக் கடைக்காரர் கேட்டதும் அக்காவுக்குச் சுருக்கென்றது. கைப்பையின் அடியில் கிடந்த நாலைந்து வெளிநாட்டு நோட்டுகளை மாற்றத்தான் அவள் வந்திருந்தாள்.

"என்னத்தை எழுதி வாங்கினான்?"

"பழைய ரேட்டை. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க அங்க வேலைக்குப் போனீங்களே, அந்த மாசத்துலேருந்து அந்த நாட்டுப் பணம் மாசாமாசம் என்ன விலைன்னு கேட்டார். தூசி தட்டி எடுத்துக் கொடுக்கறதுக்குள்ள எனக்கு மூணு தும்மல். ஏதாவது சொத்து விஷயமா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. ஆனால் அவர் எண்ணிக் கொடுத்த பணத்தைச் சரிபார்க்காமலே பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள்.

அப்பா விட்டுப்போன வீட்டை விற்பதாக ஏற்பாடு. அடுத்த புதன்கிழமை பத்திரப் பதிவு. அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்பது பேச்சு. அந்தப் பேச்சின் ஈரம் காய்வதற்குள் இவன் எதற்குப் பழங்கணக்கைக் கிண்டுகிறான்?

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வெளிநாட்டில் அவள் வேலை பார்த்த சலவைத் தொழிற்சாலையில் கொடுத்த சம்பளச் சீட்டுக் கட்டைக் காணோம்.

"அவர்தான் எடுத்தார் அண்ணி" என்றாள் தம்பி மனைவி, காய் நறுக்கியபடியே. "ஏதோ கணக்குப் பார்க்கணுமாம். கேட்டா வள்ளுன்னு விழறார்."

போன ஞாயிற்றுக்கிழமை இவள்தான் பிள்ளையார் சுழி போட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் கணக்குப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "நீங்க வேலை பார்த்த நாட்டுக் காசு ஒண்ணு இன்னிக்கு நம்ம காசுக்குப் பன்னிரண்டு. நீங்க மாசம் ஆயிரத்து நூத்தி அறுபது அனுப்பினீங்களாம். அவங்க காசுல அது நூறுகூட வரலையே! உங்க சம்பளம் முன்னூறுன்னு இவர் சொன்னாரே?"

"மிச்சத்தையெல்லாம் நான் பதுக்கி வச்சுக்கிட்டேன்" என்று அக்காவும் சிரித்து மழுப்பினாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன் மருந்துக் கடையிலிருந்து வந்தால் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அக்காவுக்கு இப்போது புரிந்தது போலிருந்தது. அவள் எவ்வளவு அனுப்பினாள் என்பது அவனுக்கு மனப்பாடம். அன்றைய விலையும் கிடைத்தால், அவள் எவ்வளவு அமுக்கிக்கொண்டாள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறான். அதைப் பங்கில் கழிக்கத்தான் இந்த ஏற்பாடு. கூடப் பிறந்தவனே கூண்டில் ஏற்றுகிறான்!

கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். மேசை முழுக்கக் கோடு போட்ட தாள்கள். ஓரத்தில் அவளுடைய சம்பளச் சீட்டுகள், தேதிவாரியாக அடுக்கி, மேலே கனத்துக்கு ஒரு மருந்துப் பாட்டில்.

"என் பெட்டியத் திறக்க யார்றா உனக்கு உரிமை கொடுத்தது?"

தம்பி நிமிரவில்லை. "உட்காருக்கா. நானே கேட்கணும்னு இருந்தேன். அங்க தங்கறதுக்கு வாடகை கொடுத்தியா?"

"இல்ல. கம்பெனி ரூம்."

"சாப்பாடு?"

"அது அவங்கவங்க கைக்காசு. ஏன், அதையும் கழிக்கப் போறியா?"

"ஓவர்டைம் ஏதாவது தனியாக் கொடுத்தாங்களா? சீட்டுல வராத வரும்படி?"

"போலீஸ்காரன்கூட இப்படிக் குடைய மாட்டான்டா!" அக்காவின் குரல் ஏறியது. "எனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதித் தரணும், அவ்வளவுதானே? கொண்டா, கையெழுத்துப் போட்டுடறேன். இருபத்தஞ்சு வருஷம் தள்ளிக் கணக்குக் கேட்க வந்துட்டான்!"

வாசலில் தம்பி மனைவி கத்தியும் கையுமாக வந்து நின்றாள்.

"மழுப்பாம சொல்லு" என்றான் தம்பி. "மாசம் எவ்வளவு மிச்சம் வச்சுக்கிட்ட?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்குத் தெரியும்." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினான். "நாம எல்லாரும் இன்னிக்கு விலையில போட்டுப் பார்த்துட்டோம். அன்னிக்கு அவங்க ஒரு காசுக்கு நம்ம காசு பன்னிரண்டு இல்லக்கா. வெறும் நாலு. நீ அனுப்பின பணத்துல நான் காலேஜ் முடிக்கற வரைக்கும் அது ஏறவே இல்ல."

அக்கா தாளைப் பார்க்கவில்லை. சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, "அடுப்புல ஏதோ தீயற வாசனை வருது" என்றாள்.

"ஆயிரத்து நூத்தி அறுபதை நாலால வகுத்தா இருநூத்தித் தொண்ணூறு. முன்னூறுல மிச்சம் பத்து. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, அறுபது மாசம்."

முதல்முறையாக அவன் நிமிர்ந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"அந்தப் பத்தை வச்சுக்கிட்டு மாசம் முழுக்க என்னக்கா சாப்பிட்ட?"