கீரிமலைக் கேணிப் படம்

“பின்பக்கம் திருப்பிப் பாருங்கோ தம்பி. மேல் மூலையில சந்தனப் பொட்டு இருக்கும்” என்றார் பாலேஸ்வரி.

கொட்டாஞ்சேனை நோபேட் மனமில்லாமல் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார். பெரிய ஓவியர் ஒருவர் வரைந்ததென்று ஏலத்தில் எடுத்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தது. இலேசில் விடமுடியுமா?

பொட்டு இருந்தது. காய்ந்து மஞ்சள் கறையாகியிருந்தது.

“சரஸ்வதி பூசைக்குக் கும்பத்தடியில வைச்சனாங்கள். அப்ப வைச்ச பொட்டு.”

படத்தில் கீரிமலைக் கேணி. படியில் ஈரத் தலையோடு பொடியன்கள். பின்னால் கடல்.

“ஞாயிறெண்டால் அங்கதான் கிடப்பினம். கடல் பக்கத்திலதான், ஆனா கேணித் தண்ணியில உப்பில்லை. வாற வழியில வடை வாங்கிக் குடுக்காட்டி என்ர பிள்ளையள் நகராதுகள்.” சொல்லும்போதே முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷம் இனி எங்கே வரப்போகிறது?

தொண்ணூறில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர்களும் ஓடினார்கள். வீடு இராணுவ முகாமாயிற்று. உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகக் கொழும்புக்கு வந்து விலைபோயின. போரில் பறிபோன கலைப்பொருள்களைத் தேடிக் கொடுக்கும் ரொஷேல், பல இடங்களில் அலைந்து, கடைசியில் இந்தப் படத்தை நோபேட்டின் வீட்டில் கண்டுபிடித்து, இன்று பாலேஸ்வரியையும் கூட்டிவந்திருந்தாள்.

“இது இல்லாமல் நான் வீட்ட போகமாட்டன் தம்பி.”

“சரி அன்ரி, உங்கட சாமான்தானே. கொண்டுபோங்க” என்றார் நோபேட்.

ரொஷேலுக்கே ஆச்சரியம். நேற்றுவரை வழக்குப் போடுவேன் என்று குதித்த மனிதர்!

“ஆனா ஒண்டு” என்று நோபேட் தலையைச் சொறிந்தார். “நேற்று ஒரு நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினன். இது அந்தப் பெரிய ஓவியர் கீறினது இல்லையாம். ஆரோ பாத்துக் கீறின நகலாம். சல்லிக்கும் பெறாதாம்.”

தாராளத்தின் காரணம் புரிந்தது. ரொஷேல் பதறிப்போய் பாலேஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

“மனசை விடாதேங்க அன்ரி. எவனோ அசலை எடுத்துப்போட்டு நகலை மாத்தி வைச்சிருக்கிறான். நான் தேடித் தாறன்.”

“தேட வேண்டாம் பிள்ளை” என்ற பாலேஸ்வரி படத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். “அசல் வெள்ளவத்தையில எங்கட ஹோலில தொங்குது. ஓடேக்க, விலை கூடினதெண்டு அதைத்தான் கழட்டிக்கொண்டு வந்தனாங்கள். இது, அந்த ஓட்டத்தில செல் குண்டு பட்டுச் செத்த என்ர மூத்தவன் கீறினது.”