அந்தரத்தில் நின்ற கை

பாடகர் தாளம் தப்பினால் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே தொடையைத் தட்டிக் காட்டிக்கொடுத்துவிடுவார் கோதண்டராமன். அவர் தட்டிவிட்டால் அந்த சபாவில் மறுவருஷம் அழைப்பு வராது.

அன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஜாஸ் பாடகி தெம்பி, வெறுங்காலால் மேடையில் ஒரு தாளத்தை மிதித்து, கையால் நெஞ்சில் வேறொன்றைக் கொட்டி, இரண்டுக்கும் நடுவே அழுவதுபோல ப்ளூஸ் என்னும் சோகப்பாட்டைப் பாடினாள். தட்ட ஓங்கிய கோதண்டராமனின் கை அந்தரத்திலேயே நின்றது.

"ஏன்னா, தாளம் தப்பறதா?" என்றாள் மனைவி.

"தெரியலடி. சும்மா இரு."

தெம்பி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். பாடிக்கொண்டே இறங்கி வந்து, அதைப் பிடித்து அவரை எழுப்பினாள். அவர் கால்கள் தாமாக அசைந்தன.

மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உட்காருங்கோ, எல்லாரும் பாக்கறா!"

யாரும் பார்க்கவில்லை. பின்னால் சபாவே எழுந்து ஆடிக்கொண்டிருந்தது.